மழையில் வெளுக்கும் துப்பாக்கிக் கட்டை: எண்ணெயா, வார்னிஷா?

கேள்வி: கூடலூர் அருகே எங்களுக்குத் தோட்டம் இருக்கிறது. பயிர்ப் பாதுகாப்புக்காக அப்பா வாங்கிய இரட்டைக் குழல் துப்பாக்கியின் உரிமம் இப்போது என் பெயரில் உள்ளது. பருவமழை வந்தாலே அதன் வால்நட் மரக் கட்டை வெள்ளை பூத்துவிடுகிறது. இரும்போடு சேரும் இடமும் கறுத்திருக்கிறது. ஆளிவிதை எண்ணெய் போதும் என்கிறார் ஒருவர், பி.யூ. (பாலியூரித்தேன் பூச்சு) அடிக்கச் சொல்கிறார் இன்னொருவர். எதைக் கேட்பது?

பதில்: வெள்ளையும் கறுப்பும் ஒரே கோளாறு அல்ல. வெள்ளை பூப்பது பெரும்பாலும் பழைய அரக்கு பாலிஷ். பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து, கண்ணில் படாத ஓர் ஓரத்தில் தேய்த்துப் பாருங்கள். மேல்பூச்சு பிசுபிசுத்துப் பழுப்பாகப் பஞ்சில் ஒட்டினால் அரக்குதான். அதைச் சுரண்ட வேண்டாம், ஸ்பிரிட்டாலேயே துடைத்து எடுத்துவிடலாம்.

கறுப்புக்குக் காரணம் துப்பாக்கிக்கு இடும் எண்ணெய். குழல் மேல்நோக்கி இருக்கும்படி சாய்த்து வைத்தால், அது ஆண்டுக்கணக்கில் கீழிறங்கி மரத்தில் ஊறுகிறது. ஊறிய மரம் மெத்தென்று ஆகி, சுடும்போது வரும் உதைப்பைத் தாங்காமல் பிளந்துவிடும். சாக் பவுடரை அசிட்டோனில் குழைத்து அப்புங்கள். காய்ந்ததும் பொடி மஞ்சளாகியிருக்கும். மரத்திலிருந்து வந்த எண்ணெய் அது. தட்டிவிட்டுத் திரும்ப அப்புங்கள். பொடி வெள்ளையாகவே உதிரும்வரை விடாதீர்கள், எண்ணெய் இருக்கும் மரத்தில் எந்தப் பூச்சும் பிடிக்காது.

இனி உங்கள் கேள்வி. ஆளிவிதை எண்ணெய் மட்டும் போதாது. நம் காவல்துறை நெடுங்காலம் ஏந்திய .303 துப்பாக்கிகளின் கட்டைக்கு அந்த எண்ணெய்தான், உண்மை. ஆனால் அவற்றுக்குத் திரும்பத் திரும்ப எண்ணெய் தேய்க்க ஆள் இருந்தார்கள். அந்த எண்ணெய் ஈரக்காற்றைத் தடுப்பது மிகக் குறைவு. தச்சர்கள் இயந்திரத்தால் பீச்சும் பி.யூ. ஈரத்தை நன்றாகவே தடுக்கும். ஆனால் ஜீப்பின் விளிம்பில் ஒருமுறை இடித்துச் சில்லு பெயர்ந்தால், அந்த வழியாகத் தண்ணீர் பூச்சுக்கு அடியில் பரவும். அந்த இடத்தை மட்டும் சரிசெய்வதும் கடினம். மெலமைன் பாலிஷ் வீட்டு மேசைக்கானது, அதை விட்டுவிடுங்கள்.

தோட்டத்தில் புழங்கும் துப்பாக்கிக்கு நான் சொல்வது, வெளிப்புற மரவேலைக்கான எண்ணெய் வார்னிஷ். அதைச் சரிபாதி டர்பன்டைனில் இளக்கித் துணியால் தேய்த்துப் பூச வேண்டும். கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் லேசாகத் தேய்த்து மறுபடி பூசிக்கொள்ளலாம்.

ஆனால் எதைப் பூசுகிறோம் என்பதைவிட எங்கே பூசுகிறோம் என்பது பெரிது. தோளில் பதியும் பின்தட்டைக் கழற்றிப் பாருங்கள். நான் பார்த்த பழைய துப்பாக்கிகள் பலவற்றில் அதற்கடியில் ஒரு சொட்டு பாலிஷும் காணாத வெறும் மரம்தான் இருந்தது. குறுக்கே வெட்டுப்பட்ட அந்த முகத்தில் மரத்தின் நுண்குழாய்கள் எல்லாம் வாய் திறந்து நிற்கின்றன. பக்கவாட்டைவிடப் பல மடங்கு வேகமாக அது ஈரம் குடிக்கும். வெளியே எத்தனை பளபளப்பு இருந்தாலும் இந்த வாசல் திறந்திருந்தால் பயனில்லை. இளக்கிய வார்னிஷை அங்கே குடிக்கக் குடிக்கக் கொடுங்கள். திருகுத் துளைகளையும் விடாதீர்கள். இரும்பு உட்காரும் பள்ளங்களில் மட்டும் மெல்லிய பூச்சு போதும்; தடித்தால் பாகங்கள் பொருந்தாது.

வேலையைக் கோடையில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு குழல்களிலும் தோட்டா இல்லை என்று கண்ணால் பார்த்த பிறகே தொடங்குங்கள். பின்தட்டை நீங்களே கழற்றலாம். விசைப் பகுதியைப் பிரிப்பதை உரிமம் பெற்ற துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரிடம் விடுங்கள். பாலிஷ் போடும் தச்சரிடம் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு வருவது சட்டச் சிக்கல்.

கட்டையை இரண்டு மூன்று வாரம் வீட்டுக்குள் உலர விடுங்கள். வெயிலோ அடுப்படியோ ஆகாது, வெடிப்பு விடும். அமுங்கிய இடங்களில் ஈரத்துணி வைத்து இஸ்திரிப் பெட்டியால் ஒற்றினால் ஆவியில் மரம் எழும்பும். பிறகு 240, 320 எண் உப்புத்தாள். இரும்பை ஒட்டிய விளிம்பில் தேய்க்காதீர்கள், அங்கே மரம் தாழ்ந்தால் திரும்ப வராது. பிடி வழுக்காமல் இருக்கக் கைப்பிடியில் வெட்டிய கட்டக் கீறல்களுக்கும் உப்புத்தாள் வேண்டாம், பழைய பல் துலக்கியால் மெல்லியதாகப் பூசினால் போதும்.

முதல் பூச்சை 320 தாளை வார்னிஷில் நனைத்தே தேய்த்துப் பூசினால், எழும் மரச்சேறு வால்நட்டின் நுண்துளைகளை அடைத்துவிடும். அதன்மேல் ஐந்தாறு மெல்லிய பூச்சுகள், ஒவ்வொன்றுக்கும் இடையே ஒரு நாளாவது வேண்டும். உப்புத்தாளை இழுத்தால் வெள்ளைப் பொடி உதிர வேண்டும். தாளில் பிசின்போல அடைத்தால் இன்னும் காயவில்லை, பொறுங்கள்.

பூசிய துணியைச் சுருட்டி மூலையில் போடவே கூடாது. எண்ணெய் வார்னிஷ் காயும்போது சூடு கிளம்பும்; சுருண்ட துணி தானாகவே தீப்பிடிக்கும். வெளியே கொடியில் விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் வாளியில் அமிழ்த்துங்கள்.