வாசகர் கேள்வி – பதில்: மோர்ஸ் கேட்க இரைச்சல் நீக்கி வாங்கலாமா?

கேள்வி: ஹாம் (அமெச்சூர் ரேடியோ) லைசென்ஸ் எடுத்து, மோர்ஸ் தந்திக் குறியீட்டைக் கேட்டுப் பழகி வருகிறேன். ஃபிளாட்டில் குடியிருக்கிறோம். சாயங்காலம் ஆனால் 40 மீட்டர் சிற்றலையில் காது வலிக்கிற இரைச்சல். என்னுடையது பழைய செட், டி.என்.ஆர். (டிஜிட்டல் முறையில் இரைச்சலைக் குறைக்கும் வசதி) கிடையாது. இரைச்சல் நீக்கும் ஸ்பீக்கர் வாங்கினால் சரியாகுமா?
– ஒரு வாசகர், நங்கநல்லூர்

பதில்: இப்போதைக்கு வாங்காதீர்கள். அந்தப் பணத்துக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இரண்டு இருக்கிறது.

முதலில், இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். செட்டை 12 வோல்ட் பேட்டரியில் ஓடவிட்டு, வீட்டு மெயின் ஸ்விட்சை அணையுங்கள். இரைச்சல் சட்டென்று இறங்கினால் ஆள் உங்கள் வீட்டுக்குள்தான். ஒவ்வொரு சுற்றாகப் போட்டுக்கொண்டே வந்தால் அகப்பட்டுவிடும். பெரும்பாலும் எல்.இ.டி. விளக்கு, இன்வெர்ட்டர், மோடத்தின் அடாப்டர், இதில் ஏதாவது ஒன்றாக இருக்கும். மயிலாப்பூரில் எங்கள் கட்டடத்தில் அது கீழ்வீட்டு மீன்தொட்டி விளக்கின் அடாப்டர். டயலைத் திருப்பினால் சம இடைவெளி விட்டு விட்டு ஒரு உறுமல் கேட்கும். அவர்களிடம் சொல்லி, பழைய டிரான்ஸ்ஃபார்மர் அடாப்டர் ஒன்றை மாற்றிக் கொடுத்ததோடு அது நின்றது. அடாப்டரை மாற்ற முடியாத இடத்தில், ரிச்சி தெருவில் ஃபெரைட் வளையம் வாங்கி, ஒயரை அதில் பல சுற்று சுற்றிப் பாருங்கள்.

இரண்டாவது வேலை, செட்டின் ஃபில்டரைக் குறுக்குவது. பேச்சு கேட்பதற்கான 2400 ஹெர்ட்ஸ் அகலத்தில் மோர்ஸ் கேட்டால், வேண்டாத இரைச்சலையும் அத்தனை அகலத்துக்கு உள்ளே விடுகிறீர்கள். அதையே 300 ஹெர்ட்ஸாகக் குறுக்கினால் இரைச்சல் எட்டில் ஒரு பங்கு, அதாவது 9 டெசிபல் குறைவு. சிக்னல் அப்படியே இருக்கும். ஒரு எழுத்தும் கெடாது. அதற்காக 50 ஹெர்ட்ஸ் வரை இறக்கிவிட வேண்டாம்; கோயில் மணி ஓசை மாதிரி டிட் (மோர்ஸின் குறுகிய ஒலி) இழுத்துக்கொண்டு நின்று, அடுத்த டிட்டோடு ஒட்டிக்கொள்ளும். மிச்ச வேலையை உங்கள் காதே செய்யும். 500 ஹெர்ட்ஸ் பக்கத்தில் நம் காது சுமார் 100 ஹெர்ட்ஸ் அகலத்தைத் தனியாகப் பிரித்துக் கேட்கக்கூடியது. இந்தக் காதைப் பழக்குவதுதான் மோர்ஸில் உண்மையான சொத்து என்பது என் உறுதியான எண்ணம்.

அப்புறம்தான் டி.என்.ஆர். மோர்ஸ் தொனி ஒரே சுருதியில் சீராக வருவதால், அடுத்த கணம் அது எப்படி இருக்கும் என்று முந்தைய கணத்தை வைத்தே கணித்துவிடலாம். இரைச்சலை அப்படிக் கணிக்க முடியாது. பல கருவிகள் இந்த வித்தியாசத்தை வைத்துத்தான் இரைச்சலை அமுக்குகின்றன. ஆனால் தொனி வந்துவிட்டது என்று தெரிந்துகொள்ள அவற்றுக்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். நிமிடத்துக்கு 20 வார்த்தை வேகத்தில் ஒரு டிட்டின் நீளமே 60 மில்லிசெகண்ட். 25 வார்த்தையில் 48. சிக்னல் பலவீனமாக இருந்து, டி.என்.ஆர். குமிழையும் முழுக்கத் திருகி வைத்திருந்தால், எழுத்தின் முதல் டிட் காணாமல் போகும். நம் ஊர் கால் சைனையே, அதாவது ஸ்டேஷனின் அடையாள எழுத்துகளையே, எடுத்துக்கொள்ளுங்கள். 'வி' என்பது டிட் டிட் டிட் டா (டா என்பது நீண்ட ஒலி); முதல் டிட் போனால் 'யு'. 'யு' என்பது டிட் டிட் டா; முதல் டிட் போனால் 'ஏ'. இந்திய வி.யு. ஸ்டேஷன் உங்கள் நோட்டில் ரஷ்யாவின் யு.ஏ. ஆகிவிடும்!

அதற்காக டி.என்.ஆர். வீண் என்று சொல்ல மாட்டேன். சுமாரான பலத்தில் வரும் ஸ்டேஷன்களை மணிக்கணக்கில் ஹெட்போனில் கேட்கும்போது அது காதுக்குப் பெரிய ஓய்வு. குமிழைக் கால் பங்கு திருப்பினால் போதும். நண்பர் யாரிடமாவது அந்த ஸ்பீக்கர் இருந்தால் இரவல் வாங்கி, ஒரே ஸ்டேஷனை அதைப் போட்டும் அணைத்தும் காகிதத்தில் எழுதிப் பாருங்கள். எதில் எழுத்து விடுபடவில்லையோ அதை நம்புங்கள், எது இதமாகக் கேட்கிறது என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

கேள்வி: புது செட்டில் ஆட்டோ நாட்ச் போட்டதும் மோர்ஸ் சுத்தமாக மறைந்துவிடுகிறது. செட்டில் கோளாறா?
– ஒரு வாசகி, பெரம்பூர்

பதில்: கோளாறு இல்லை, அம்மா. பேச்சுக்கு நடுவே விடாமல் ஊதும் விசிலைப் பிடித்து வெட்டுவதுதான் அதன் வேலை. மோர்ஸும் அதற்கு விசில்தான். மோர்ஸ் கேட்கும்போது அதை அணைத்தே வையுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் வரும் இடிச் சடசடப்பையும் டி.என்.ஆரை நம்பி விட்டுவிடாதீர்கள். ஆர்.எஃப். கெய்னை (ஆன்டெனாவிலிருந்து வருவதைச் செட் பெருக்கும் அளவு) குறைத்து, ஏ.ஜி.சி.யை (ஒலியைத் தானாகச் சமன்செய்யும் வசதி) வேகமான நிலையில் வையுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு மின்னலுக்குப் பின்னும் செட் கொஞ்ச நேரம் செவிடாகிவிடும். இடி நெருங்கி வந்துவிட்டால் கேட்பதையே நிறுத்துங்கள்; மழைக்காலத்தில் மேகம் கருக்கும்போதே ஆன்டெனா ஒயரைக் கழற்றிவிடுவது நல்லது.