எல்லாரும் திருடர்கள்தானா, டீச்சர்?

போன மாதம் இந்தப் பக்கத்தில் ‘நீங்கள் ஏமாந்த கதையை எழுதுங்கள்’ என்று கேட்டிருந்தோம். வந்து குவிந்ததில் கதையைவிடக் கேள்விதான் அதிகம். சிலவற்றுக்கு மட்டும் இங்கே பதில் சொல்கிறேன். ஆயுசில் பாதியைக் கல்லூரியில் உளவியல் பாடம் நடத்தியே கழித்தவள் நான். ஆராய்ச்சிகளை இழுத்துக்கொண்டுதான் வருவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜெராக்ஸ் கடையில் ஒருவர் பர்ஸை வைத்துவிட்டுப் போய்விட்டார். உள்ளே ஆறாயிரம் ரூபாய்க்கு மேல். ஆதார் நகலில் இருந்த விலாசத்தைத் தேடிப்போய்க் கொடுத்துவிட்டு வந்தேன். “உன்னை மாதிரி இளிச்சவாயன் ஊரில் ஒருத்தனும் கிடையாது” என்கிறான் மைத்துனன். நிஜமாகவே நான் ஒருத்தன்தானா, டீச்சர்?
– கடைக்காரர், தென்காசி

இல்லை தம்பி. உங்கள் மைத்துனர் சொன்னதை உலக அளவில் சோதித்தே பார்த்துவிட்டார்கள்.

2019இல் ‘சயின்ஸ்’ ஆய்விதழில் வந்தது. 40 நாடுகள், 355 நகரங்கள், 17,000க்கும் மேற்பட்ட பர்ஸ்கள். பர்ஸ் என்றால் தோல் பர்ஸ் இல்லை, உள்ளே இருப்பது வெளியே தெரிகிற பிளாஸ்டிக் உறை. அதில் ஒரு சாவி, அந்த ஊர் மொழியில் எழுதிய மளிகைச் சீட்டு, பெயரும் மின்னஞ்சலும் அச்சடித்த விசிட்டிங் கார்டுகள். சிலவற்றில் பணம் கிடையாது, சிலவற்றில் 13 டாலர் சொச்சத்துக்குச் சமமான உள்ளூர்ப் பணம். ஆய்வுக்குழு ஆள் ஒருவர் வங்கி, தபால் நிலையம், ஹோட்டல், காவல் நிலையம் என்று நுழைவார். “பக்கத்துத் தெருவில் கிடந்தது. எனக்கு அவசரம், நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்” என்று கவுண்டரில் இருப்பவர் கையில் கொடுத்துவிட்டு நடையைக் கட்டிவிடுவார். சொந்தக்காரருக்கு மின்னஞ்சல் வருகிறதா இல்லையா, அதுதான் கணக்கு.

பணம் இல்லாத பர்ஸுக்கு 40 சதவீதம் பேர் தகவல் கொடுத்தார்கள். பணம் இருந்ததற்கு 51 சதவீதம்! இந்தியா உட்பட 38 நாடுகளில் இதே போக்கு. அமெரிக்கா, பிரிட்டன், போலந்தில் மட்டும் தொகையை 94 டாலருக்கு ஏற்றிப் பார்த்தார்கள். அங்கே தகவல் கொடுத்தவர்கள் 72 சதவீதம். பணம் கூடக் கூட நேர்மையும் கூடுகிறது.

இதில் எனக்குப் பிடித்த இடம் வேறு. என்ன நடக்கும் என்று பொதுமக்களிடமும் கேட்டார்கள், பெயர்பெற்ற பொருளாதார அறிஞர்களிடமும் கேட்டார்கள். பணம் கூடினால் திருட்டு கூடும் என்றே பொதுமக்கள் பெரும்பாலும் சொன்னார்கள், அறிஞர்களாலும் நடந்ததைச் சரியாகக் கணிக்க முடியவில்லை. உங்கள் மைத்துனர் தனி ஆள் இல்லை, பெரிய கூட்டணியில்தான் இருக்கிறார்.

ஏன் இப்படி? சாவியைக் கவனியுங்கள். எடுத்தவருக்கு அது வெறும் இரும்பு, தொலைத்தவருக்கோ ராத்திரி வீட்டுக்குள் போக அதுதான் வேண்டும். சில பர்ஸ்களில் சாவியை வைக்காமலும் பார்த்தார்கள். சாவி இருந்த பர்ஸுக்குத் தகவல் அதிகம் வந்தது. அடுத்தவர் கஷ்டம் மனதில் தைக்கிறது என்று பொருள். கூடவே இன்னொன்று. காலி உறையை மேசை ஓரத்தில் போட்டு மறந்துவிட்டால் அது சோம்பேறித்தனம், பணத்தோடு இருப்பதை வைத்துக்கொண்டால் திருட்டு. தன்னைத் திருடனாகப் பார்க்க யாருக்குத்தான் மனது வரும்?

ஒரு திருத்தமும் சொல்லிவிடுகிறேன். அந்த ஆய்வில் சீனா கடைசி வரிசையில் இருந்தது. சீன ஆய்வாளர்கள் விடவில்லை. தங்கள் ஊரில் மறுபடி செய்து பார்த்தார்கள். மின்னஞ்சல் அனுப்பியவர்கள் குறைவுதான். ஆனால் நேரில் போய்க் கேட்டால் பெரும்பாலான பர்ஸ்கள் அப்படியே பத்திரமாக எடுத்து வைக்கப்பட்டிருந்தன. எதைக் கொண்டு அளக்கிறோம் என்பதில் எவ்வளவு இருக்கிறது பாருங்கள். நம்மூர் கடையிலும் “யாராவது தேடி வருவாங்க” என்று கல்லாப்பெட்டிக்கு மேலே வைப்பார்களே தவிர, மின்னஞ்சலா அனுப்புவார்கள்?

சீட்டு கட்டி ஏமாந்தவள் நான். நடத்தியவர் ராத்திரியோடு ராத்திரியாக ஊரைக் காலி செய்துவிட்டார். அன்றைக்கே முடிவு செய்தேன், இனி எவரையும் நம்புவதில்லை என்று. காய்கறிக்காரர் “பாக்கி அஞ்சு ரூபாய் நாளைக்குத் தர்றேன்மா” என்றாலும் நகர மாட்டேன். இப்போது நிம்மதியாக இருக்கிறேன். சரிதானே?
– இல்லத்தரசி, ஆரணி

சீட்டுப் பணம் போன வயிற்றெரிச்சல் எனக்குப் புரிகிறது. முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன். சீட்டு நடத்துவதற்கு 1982ஆம் ஆண்டே மத்தியச் சட்டம் வந்துவிட்டது, பதிவு செய்துதான் நடத்த வேண்டும். அடுத்த முறை யார் கேட்டாலும் பதிவு எண்ணை வாங்கிப் பதிவுத் துறையில் விசாரியுங்கள். அத்தை மகளாக இருந்தாலும் சரி.

இப்போது காய்கறிக்காரர். அவரை நம்பாததால் உங்களுக்கு நஷ்டமே வரவில்லை என்கிறீர்கள். அவர் மறுநாள் அந்த ஐந்து ரூபாயை ஞாபகமாகக் கொடுத்திருப்பாரா மாட்டாரா? உங்களுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள வழியும் இல்லை. நம்பி ஏமாந்தால் அன்றைக்கே உறைக்கும். நம்பாமல் விட்டது தப்பு என்றால் அதை யாரும் வந்து சொல்லப் போவதில்லை. அதனால் சந்தேகம் மட்டும் எப்போதும் ஜெயித்துக்கொண்டே இருப்பது போலத் தோன்றும்.

ஃபெட்சன்ஹவர், டன்னிங் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2010இல் இதைச் சோதனைச் சாலையில் காட்டினார்கள். முன்பின் தெரியாதவர்களின் சிறு வீடியோக்களைப் போட்டு, “இவரிடம் பணம் கொடுத்தால் பெருகியதில் பாதியைத் திருப்பித் தருவாரா, முழுவதையும் சுருட்டிக்கொள்வாரா?” என்று கேட்டார்கள். அந்த ஆட்களோ ஏற்கெனவே முடிவு செய்து எழுதிக் கொடுத்துவிட்டவர்கள். பார்ப்பவர்கள் நினைத்ததைவிட மிக அதிகம் பேர் திருப்பித் தந்திருந்தார்கள். பிறகு பார்வையாளர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு, நம்பினாலும் நம்பாவிட்டாலும் விடை சொல்லப்பட்டது. இன்னொரு பிரிவுக்கு, தாங்கள் நம்பிய ஆட்களைப் பற்றி மட்டும். முதல் பிரிவு சீக்கிரமே தன் கணிப்பைத் திருத்திக்கொண்டது, இரண்டாவது பிரிவு அதே அவநம்பிக்கையில் நின்றது. நீங்கள் இரண்டாவது பிரிவில் இருக்கிறீர்கள் அம்மா, நிஜ வாழ்க்கையில் நாம் எல்லோருமே அதில்தான்.

சீட்டில் கறாராக இருங்கள். ஐந்து ரூபாயை விட்டுப் பாருங்கள். போனால் ஐந்து ரூபாய்தானே.

என் மருமகன் எதற்கெடுத்தாலும் “எல்லாம் ஏமாத்து வேலை மாமா” என்பார். கோயில் அன்னதானமா, அதில் கமிஷன். ரத்ததான முகாமா, அதில் விளம்பரம். வீட்டில் எல்லாரும் அவரை அறிவாளி என்கிறார்கள். நான் வெகுளியாம்.
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், சிதம்பரம்

ஐயா, உங்களுக்கு நல்ல செய்தி. ஓல்கா ஸ்டாவ்ரோவா என்பவரும் உடன் ஆய்வாளரும் 30 நாடுகளைச் சேர்ந்த சுமார் 2 லட்சம் பேரின் தகவல்களை வைத்து 2019இல் எழுதினார்கள். எல்லாரையும் சந்தேகிக்கிற ஆளை ஜனங்கள் கெட்டிக்காரன் என்று நினைக்கிறார்கள். அறிவுத்திறன் சோதனைகளிலோ அப்படிப்பட்டவர்கள் சராசரியாகக் குறைவாகத்தான் எடுக்கிறார்கள். ஊழல் மலிந்த நாடுகளில் இந்தத் தொடர்பு மங்கிப்போகிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும், அங்கே சந்தேகத்துக்குக் காரணம் இருக்கிறது.

மருமகனிடம் இதைப் படித்துக் காட்ட வேண்டாம். “இந்த ஆராய்ச்சிக்குக் காசு கொடுத்தது யாரு?” என்பார். அது நியாயமான கேள்விதான் என்பது வேறு விஷயம்.

எந்தக் கட்சிக்காரனையும் நம்ப மாட்டேன். ஆனால் ஓட்டுப் போடாமல் இருந்ததில்லை. இது முரண்பாடா?
– வங்கி ஊழியர், விருதுநகர்

முரண்பாடு இல்லை. இப்படிச் சந்தேகத்தோடு ஓட்டுப் போடுகிறவர்கள் இருப்பதால்தான் தேர்தல் என்று ஒன்று உருப்படியாக இருக்கிறது.

அரசியல் நம்பிக்கையை நீண்ட காலமாக அளந்து வருவது அமெரிக்காவில்தான். வாஷிங்டன் அரசு சரியானதைச் செய்யும் என்று எப்போதும் அல்லது பெரும்பாலும் நம்புகிறீர்களா என்ற கேள்விக்கு 1958இல் 73 சதவீதம் பேர் ஆம் என்றார்கள். 1964இல் 77. பிறகு வியட்நாம் போர், அதிபர் நிக்ஸனைப் பதவி விலக வைத்த வாட்டர்கேட் ஊழல். 2007க்குப் பிறகு அது 30 சதவீதத்தைத் தாண்டவே இல்லை. இதைக் காட்டி ஜனநாயகமே போச்சு என்று ஒப்பாரி வைப்பவர்கள் உண்டு. அந்த எண்ணுக்குள் இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது: தன் கட்சி அதிபர் நாற்காலியில் இருந்தால் நம்பிக்கை ஏறும், எதிர்க்கட்சி வந்தால் இறங்கும். ‘அரசை நம்புகிறேன்’ என்று சொல்வதில் ஒரு பங்கு ‘நம்மாள் இருக்கிறார்’ என்பதுதான்.

என்னைக் கேட்டால் தலைவர்களை நம்புவது அவ்வளவு முக்கியமில்லை. ஸ்வீடனைச் சேர்ந்த அரசியலறிஞர் போ ரோத்ஸ்டீன் நெடுங்காலமாகச் சொல்லி வருவது இது: ஆள் பார்த்து நடக்காத காவல்துறை, நீதிமன்றம், வரி அலுவலகம் இருக்கிற இடத்தில் மக்கள் ஒருவரை ஒருவரும் அதிகம் நம்புகிறார்கள். பட்டா மாற்றப் போகிறோம். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருப்பவர் ஃபைலைத் திறக்காமலே, “வெளியே டீக்கடையில ஒருத்தர் இருப்பார், பாருங்க” என்கிறார். அங்கே வருவாய்த் துறை மேல் மட்டுமா நம்பிக்கை போகிறது? காரியம் ஆகிறவனெல்லாம் காசு கொடுத்தவன்தான் என்று அக்கம்பக்கத்தார் மேலேயே ஒரு கண் விழுகிறது. ஊழலுக்கு இந்த விலையும் உண்டு, பட்ஜெட்டில் அது வராது.

அரசியல்வாதிகளின் பேச்சை விட்டுவிட்டு அந்த ஜன்னலைக் கவனியுங்கள்.

நான் கிராம சுகாதார செவிலியர். ஊசி போட வரச் சொன்னால் “வாட்ஸ்அப்பில் வந்தது பார்த்தீங்களா?” என்று படித்தவர்களே கேட்கிறார்கள். மக்களுக்கு அறிவியல் மேல் நம்பிக்கையே போய்விட்டதா, மேடம்?
– செவிலியர், தருமபுரி மாவட்டம்

போகவில்லை. 68 நாடுகளில் சுமார் 72,000 பேரிடம் கேட்ட ஆய்வு ஒன்று 2025இல் வெளிவந்தது. விஞ்ஞானிகள் மீதான நம்பிக்கை 5க்கு 3.62. ஒட்டுமொத்தமாக நம்பிக்கை இல்லை என்று சொன்ன நாடு ஒன்றுகூட இல்லை. இந்தியா இரண்டாம் இடம், எகிப்து முதலிடம். இணையம் வழியாகக் கேட்டது என்பதால் உங்கள் துணை சுகாதார நிலையத்து வாசலில் உட்கார்ந்திருப்பவர்கள் அதில் அதிகம் இருந்திருக்க மாட்டார்கள், அதையும் ஞாபகம் வையுங்கள்.

ஆனால் உள்ளே பிரித்துப் பார்த்தால் உங்கள் கேள்விக்கான விடை இருக்கிறது. விஞ்ஞானிகளுக்குத் தகுதி இருக்கிறது என்றவர்கள் 78 சதவீதம். நேர்மையானவர்கள் என்றவர்கள் 57. மற்றவர்கள் சொல்வதைக் காதில் வாங்குகிறார்கள் என்றவர்கள் 42 மட்டுமே. உங்களிடம் கேள்வி கேட்கிற அந்தத் தாய்க்கு ‘இவங்களுக்கு விஷயம் தெரியாது’ என்ற சந்தேகம் இல்லை. ‘என் பிள்ளைக்கு என்ன ஆனது என்று இவங்க கேட்பாங்களா’ என்பதுதான் சந்தேகம்.

2017இல் நம் மாநிலத்தில் தட்டம்மை–ரூபெல்லா ஊசி முகாம் நடந்தபோது பரவிய வாட்ஸ்அப் புரளிகள் நினைவிருக்கும். அதற்கும் முன்னால் உத்தரப் பிரதேசத்தைப் பாருங்கள். போலியோ சொட்டு மருந்து போட்டால் பிள்ளை பெற முடியாது என்று மேற்கு உ.பி.யில் பேச்சு. வெறும் அறியாமை என்று தள்ளிவிட முடியாது. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976–77இல் மட்டும், நாட்டில் 80 லட்சத்துக்கு மேல் கருத்தடை அறுவைச் சிகிச்சைகள் நடந்தன, ஆளைப் பிடித்து இழுத்துப் போய்ச் செய்ததும் அதில் உண்டு. அதே அரசாங்கம் அடுத்த தலைமுறையின் வீட்டு வாசலில், வேறு எதையுமே கொடுக்காமல் சொட்டு மருந்தை மட்டும் மறுபடி மறுபடி நீட்டினால் சந்தேகம் வராதா?

அங்கே வேலை செய்தது விளம்பரப் பலகை இல்லை. அந்தந்தத் தெருப் பெண்களையே யுனிசெஃப் பயிற்சி கொடுத்து வீடுவீடாக அனுப்பியது. பள்ளிவாசல்களிலிருந்து இமாம்கள் அறிவிப்புச் செய்தார்கள். கூடவே 2010இல் இரண்டு வகைப் போலியோ வைரஸையும் தடுக்கிற மேம்பட்ட சொட்டு மருந்தும் வந்தது, அதன் பங்கையும் மறைக்கக் கூடாது. 2009இல் இந்தியாவில் 741 போலியோ, 2010இல் 42, 2011இல் ஒன்றே ஒன்று. அதோடு சரி.

உங்களுக்கு ஒரு யோசனை. ஊசிக்கு முன்னாலேயே, “இன்னிக்கு ராத்திரி காய்ச்சல் வரலாம், போட்ட இடம் வீங்கலாம், இந்த மருந்தை இவ்வளவு கொடுங்க, ரெண்டு நாளைக்கு மேலே போனா என்னைக் கூப்பிடுங்க” என்று சொல்லிவிடுங்கள். சொல்லாமல் வந்த காய்ச்சல் வாட்ஸ்அப்புக்குச் சாட்சி, சொல்லிவைத்து வந்த காய்ச்சல் உங்களுக்குச் சாட்சி. மறுநாள் கூப்பிட்டார்கள் என்றால் போனை எடுங்கள். உங்களுக்கு எத்தனை ஊர், எத்தனை ரிஜிஸ்டர் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் சொல்கிறேன்.

வீட்டு வேலைக்கு வருபவர் எட்டு வருடமாக இருக்கிறார். போன மாதம் ஹாலில் கேமரா மாட்டினோம். இப்போதுதான் அவர் மேல் முழு நம்பிக்கை வந்திருக்கிறது.
– ஐ.டி. ஊழியர், சென்னை

வந்திருப்பது கேமரா மேல். தோஷியோ யமகிஷி என்று ஜப்பானில் ஒரு பெரிய ஆய்வாளர் இருந்தார், 2018இல் காலமானார். ‘தப்புச் செய்தால் மாட்டிக்கொள்வார், அதனால் செய்ய மாட்டார்’ என்ற தைரியத்தையும், ‘மாட்டாவிட்டாலும் செய்ய மாட்டார்’ என்ற நம்பிக்கையையும் பிரித்துக் காட்டியவர். எல்லாரும் எல்லாரையும் கவனித்துக்கொண்டே இருக்கிற ஜப்பானில் முதலாவது ஏராளம். ஆனால் முன்பின் தெரியாதவர்களை நம்பலாமா என்று கேட்டால் அமெரிக்கர்கள்தான் அதிகம் ஆம் என்றார்கள். இரண்டாவது வகையை வளர்க்க அந்தக் கண்காணிப்பு உதவவில்லை.

கேமராவைக் கழற்றச் சொல்லவில்லை, உங்கள் வீடு. அவருக்குத் தெரியாமல் மாட்டியிருந்தால் மட்டும் முதல் வேலையாக அவரிடம் சொல்லிவிடுங்கள். கோபித்துக்கொண்டு நின்றுவிட்டால் என்ன செய்வது என்கிறீர்களா? நிற்கலாம். அவருக்கு அந்த உரிமை உண்டு.