வால் மேல தூக்கி மிதக்குற கடல்குதிரை: அது கர்ப்பம் இல்லங்க, பைக்குள்ள காத்து

நியூ ஜெர்சில இருந்து ஒரு அக்கா கேட்டிருக்காங்க. வீட்ல 29 கேலன் டேங்க்ல ஒரு ஜோடி கடல்குதிரை, ஹிப்போகேம்பஸ் இரெக்டஸ் வகை, வளர்க்கிறாங்க. ஆண் குதிரைக்கு அவங்க பொண்ணு முத்துன்னு பேர் வச்சிருக்கா. ஊருக்குப் போய்ட்டு பத்து நாள் கழிச்சு வந்து பாத்தா முத்துவோட வயித்துப் பை உப்பி இருக்கு, சரி குட்டி போடப் போகுதுன்னு சந்தோஷமா இருந்திருக்காங்க, ஆனா மூணு நாளா வால் மேல தூக்கிக்கிட்டு தண்ணி மட்டத்துல ஒட்டிக்கிட்டு கிடக்கு, செடியப் பிடிக்க முடியல, சாப்பாடும் பாதி விட்டுடுது. டேங்க் தண்ணி 79 டிகிரி ஃபாரன்ஹீட். ஆன்டிபயாடிக் ஊத்தலாமாண்ணான்னு கேக்குறாங்க.

அக்கா, முதல்ல அந்த ஆன்டிபயாடிக் பாட்டில மூடி வச்சிடுங்க. மெயின் டேங்க்ல அத ஊத்துனா ஃபில்டர்ல இருக்குற நல்ல பாக்டீரியா செத்து அம்மோனியா ஏறி நல்லா இருக்குற பெண் குதிரையும் படுத்துடும்.

கடல்குதிரைல குட்டிய சுமக்குறது ஆண்தான், அதனால உங்களுக்கு வந்த சந்தேகம் நியாயமானது. ஆனா உண்மையிலயே சினையா இருக்குற ஆண் மிதக்காது. பை நிறைய குட்டி இருந்தாலும் அது எப்பவும் போல நேரா நின்னு நீந்தும், கொஞ்சம் சோம்பலா ஒரே இடத்துல வால சுத்திக்கிட்டு நிக்கும், அவ்வளவுதான். முத்து வால மேல தூக்கிக்கிட்டு மிதக்குதுன்னா பைக்குள்ள காத்து சேர்ந்திருக்கு. ராத்திரி லைட்ட அணைச்சுட்டு போன் டார்ச்ச பைக்குப் பின்னாடி இருந்து அடிச்சுப் பாருங்க, காத்து இருக்குற இடம் பளிச்சுன்னு கண்ணாடி மாதிரி தெரியும், குட்டி இருந்தா மங்கலா கருப்பா தெரியும்.

இதை இன்னிக்கே கவனிக்கணும். காத்து வலிய விட அந்தப் போராட்டம்தான் குதிரைய கொல்லுது. கீழ போக நாள் பூரா முதுகுத் துடுப்ப அடிச்சு அடிச்சு களைச்சுப் போயிடும், களைச்சா சாப்பிடாது. கடல்குதிரைக்கு வயிறுன்னு ஒண்ணு கிடையாது, தின்னது குடல் வழியா சீக்கிரமா வெளிய போயிடும், அதனால ரெண்டு மூணு நாள் பட்டினிய மத்த மீன் தாங்குற மாதிரி இது தாங்காது.

காத்த வெளிய எடுக்குறது எப்படின்னு சொல்றேன், பயப்படாதீங்க. கைய சோப்பு இல்லாம நல்லா கழுவிட்டு தண்ணிக்குள்ளயே முத்துவ ஒரு கைல பிடிங்க, தலை மேல வால் கீழ, வயிறு உங்களப் பாத்து இருக்கணும். வால உங்க சுண்டு விரல்ல சுத்திக்க விடுங்க, பிடிக்க ஏதாச்சும் இருந்தா அது அமைதி ஆயிடும். பையோட மேல் முனைல நடுவுல ஒரு சின்ன கீறல் மாதிரி வாய் இருக்கும், அதுதான் பைக்கு வாசல். தலை மேல இருக்கறதால காத்து தானா அந்த வாசல் பக்கம் ஏறி வந்து நிக்கும். இப்ப இன்னொரு கை விரலால பையோட அடியில இருந்து மேல் நோக்கி, பழுத்த தக்காளியத் தொடுற அளவுக்குத்தான், மெதுவா தடவிக்கிட்டே வாங்க. வாசல் திறக்கலைன்னா நரம்புல ஏத்துற கேத்தடர்ல ஊசிய உருவிட்டு மிச்சம் இருக்குற மெல்லிசு பிளாஸ்டிக் குழாய, முனைய நனைச்சு, அந்த கீறல்ல ஒரு நூல் அளவு உள்ள விட்டா போதும். மொதல்ல ஒண்ணும் வராது, அப்புறம் கடுகு சைஸ்ல ஒரு குமிழ், அது பின்னாடியே வரிசையா நாலஞ்சு, கடைசில பெருசா ஒண்ணு பொளக்குன்னு வரும், அந்த நிமிஷமே கைல இருக்குற குதிரை கனம் கூடுறது உங்களுக்கே தெரியும். கைய விட்டா நேரா கீழ போய் செடியப் பிடிச்சுக்கும். ரெண்டு மூணு நிமிஷத்துக்கு மேல முயற்சி பண்ணாதீங்க, வரலைன்னா விட்டுட்டு சில மணி நேரம் கழிச்சு திரும்ப பாருங்க. ஊசியால குத்தி காத்த எடுக்குற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். பை முழுக்க ரத்தக்குழாய்தான், குத்துன இடத்துல புண்ணாகி அதுவே சாவுக்கு காரணம் ஆயிடும்.

காத்து போனதும் வேலை முடிஞ்சுதுன்னு நிறைய பேர் விட்டுடுறாங்க, ஒரு வாரத்துல திரும்ப உப்பிடுது. அதனால 10 கேலன்ல ஒரு ஆஸ்பத்திரி டேங்க் போடுங்க, அதாவது ஏறக்குறைய 38 லிட்டர். அடில மணல் வேண்டாம், பிடிச்சுக்க ரெண்டு பிளாஸ்டிக் செடி, காத்து குமிழ் விடுற ஏர் ஸ்டோன் ஒண்ணு. காத்து குமிழ் பொடிப்பொடியா இல்லாம பெருசு பெருசா வர்ற மாதிரி பாத்துக்கங்க. தண்ணி புதுசா உப்பு கலந்தது, ஸ்பெசிஃபிக் கிராவிட்டி, அதாவது தண்ணில உப்பு எவ்வளவுன்னு காட்டுற எண், மெயின் டேங்க்ல இருக்குற அதே அளவு, சாதாரணமா 1.024 பக்கம் இருக்கணும். முத்து தனியா போனா ரொம்ப வாடிப்போகும், முடிஞ்சா ஜோடியையும் கூடவே மாத்துங்க, இது என் அனுபவத்துல நல்லா பலன் தந்திருக்கு.

மருந்துன்னு பாத்தா அசிட்டசோலமைடு, டயமாக்ஸ்ங்கற பேர்ல மனுஷங்களுக்கு கண் அழுத்தத்துக்கும் மலை ஏறும்போது வர்ற தலைசுத்தலுக்கும் குடுக்குற அதே மாத்திரைதான். கார்போனிக் அன்ஹைட்ரேஸ்ங்கற என்சைமோட வேலைய அது தடுக்கும், அந்த என்சைம் வழியாத்தான் குதிரையோட உடம்புல காத்து சேருதுன்னு வச்சுத்தான் இந்த வைத்தியம் செய்றாங்க. கடல்குதிரை வளர்க்கிறவங்க வழக்கமா போடுற அளவு 38 லிட்டருக்கு 250 மில்லிகிராம் மாத்திரை ஒண்ணு. பொடிச்சு ஒரு டம்ளர் டேங்க் தண்ணில நல்லா கலக்கி, அடில தங்குற வெள்ளை மாவ விட்டுட்டு மேல் தண்ணிய மட்டும் ஊத்தணும். தினம் ஒருதடவ தண்ணிய முழுசா மாத்திட்டு புது டோஸ் போடணும், ஒரு வாரம் வரைக்கும் ஓட்டலாம். உங்க ஊர்ல இந்த மாத்திரைக்கு பிரிஸ்கிரிப்ஷன் வேணும், நாய் பூனை பாக்குற டாக்டர் நிறைய பேருக்கு இது புதுசா இருக்கும், அதனால அமெரிக்கன் அசோசியேஷன் ஆஃப் ஃபிஷ் வெட்டரினேரியன்ஸ்னு ஒரு சங்கம் இருக்கு, அவங்க மூலமா மீன் பாக்குற டாக்டரத் தேடுங்க. ஆன்டிபயாடிக் வேணுமா வேண்டாமான்னு அவங்க சொல்லட்டும். பை சிவந்திருந்தாலோ, வால் நுனி வெளுத்து தோல் உரிஞ்சாலோ அது பாக்டீரியா வேலை, அப்பத்தான் அது வேணும். செம்பு கலந்த மருந்து எதையும் யார் சொன்னாலும் தொடாதீங்க, கடல்குதிரைக்கு ஒத்துக்காது.

இப்ப உங்க கடிதத்துலயே எனக்கு உறுத்துன விஷயத்துக்கு வர்றேன். 79 டிகிரி. ஊருக்குப் போறப்ப ஏசி டிகிரிய கூட்டி வச்சுட்டுத்தான போனீங்க? கிளவுன் மீனுக்கு 79 சரியான சூடு, கடல்குதிரைக்கு அது அதிகம். இரெக்டஸ் வகைய 70ல இருந்து 74க்குள்ள வைக்கணும், அதாவது 21ல இருந்து 23 செல்சியஸ். தண்ணி சூடாக சூடாக விப்ரியோ மாதிரி பாக்டீரியா பெருகும், பைக்குள்ள போன முறை மிச்சம் விட்டுப்போன குட்டியோட கழிவு கிழிவு இருந்தா அது அங்கயே அழுகி காத்து விடும். சூட்டத்தான் முதல் குற்றவாளின்னு சொல்வேன், அதை இறக்காம எத்தன மாத்திரை போட்டாலும் முத்து திரும்ப மிதக்கும்.

ஆனா ஐஸ் கட்டிய போட்டு ஒரே நாள்ல இறக்கிடாதீங்க. ஆஸ்பத்திரி டேங்க்க முதல்ல மெயின் டேங்க் சூட்டுலயே ஆரம்பிச்சு, நாளைக்கு 2 இல்ல 3 டிகிரி ஃபாரன்ஹீட் வீதம் 70 வரைக்கும் இறக்குங்க. மெயின் டேங்க்க்கு கண்ணாடி மூடிய எடுத்துட்டு தண்ணி மேல படுற மாதிரி ஒரு சின்ன ஃபேன் வச்சாலே நல்ல வித்தியாசம் தெரியும். ஃபேன் வச்சா தண்ணி சீக்கிரம் வத்தும், உப்பு அப்படியே நிக்கும், அதனால குறைஞ்ச அளவுக்கு ஆர்ஓ தண்ணிதான் ஊத்தணும், உப்புத்தண்ணி ஊத்தக்கூடாது. இன்னொண்ணு, பம்ப்ப ஒருதடவ பாருங்க. உறிஞ்சுற பக்கம் எங்கயாச்சும் காத்து கசிஞ்சா டேங்க் பூரா பொடி குமிழ் பனி மாதிரி பறக்கும், அதுவும் காத்து நோய்க்கு ஒரு காரணம்.

சென்னைல இருக்குற தம்பியும் ஒரு ஜோடி வாங்கணும்னு கேக்குறதா எழுதியிருந்தீங்க. வேண்டாம்னு சொல்லிடுங்க. மன்னார் வளைகுடாவுலயும் பாக் நீரிணையிலயும் வலையில மாட்டுன கடல்குதிரைய கருவாடாக்கி கப்பல் ஏத்தி ஏத்தி ரொம்ப குறைஞ்சுபோச்சு, அதனால 2001ல வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துல புலி யானைக்கு உள்ள முதல் அட்டவணைல சேர்த்துட்டாங்க. அங்க அதப் பிடிக்கிறதும் விக்கிறதும் குற்றம், வீட்ல வச்சிருந்தா கேஸ் ஆகும். உங்க ஊர்லயும் பண்ணைல பிறந்து வளர்ந்ததா பாத்துத்தான் வாங்கணும், கடல்ல பிடிச்சது ஒட்டுண்ணியோட வரும், உறைஞ்ச இறாலத் தின்ன பழகியிருக்காது.

சாப்பாட்ட கடைசியா வச்சேன், ஆனா பொண்ணுகிட்ட குடுக்க வேண்டிய வேலை இதுதான். டயமாக்ஸ் பசிய குறைக்கும், அதனால மருந்து போடுற நாள்ல உறைஞ்ச மைசிஸ் இறால உருக்கி கழுவி ஒரு நாளைக்கு மூணு தடவ, ஒவ்வொண்ணா ட்யூப்ல வச்சு முத்துவோட மூஞ்சிக்கு நேரா விடச் சொல்லுங்க. கண்ண தனித்தனியா உருட்டிப் பாக்கும், கழுத்த லேசா வளைக்கும், டிக்குனு ஒரு சத்தம், இறால் காணாமப் போயிருக்கும். அந்த டிக்க எண்ணி ஒரு நோட்ல எழுதட்டும். மிச்சத்த அரை மணி நேரத்துல உறிஞ்சி எடுத்துடுங்க. ரெண்டு நாளா நோட்ல ஒண்ணுமே ஏறலைன்னா மருந்த நிறுத்திட்டு உயிரோட இருக்குற இறால் வாங்கிப் போட்டுப் பாருங்க, அதையும் தொடலைன்னா அன்னிக்கே டாக்டர்கிட்ட கொண்டு போங்க, குழாய் வழியா ஊட்ட அவங்களுக்குத் தெரியும்.