லாங்யியர்பியன் குளிர்: தண்டையார்பேட்டைத் தம்பிக்கு ஒரு பதில்

தண்டையார்பேட்டையிலிருந்து, நார்வேக்குச் சொந்தமான ஸ்வால்பார்டு தீவுகளின் லாங்யியர்பியன் ஊருக்கு ஓட்டல் சமையல் வேலைக்கு வரவிருக்கும் தம்பி, அங்கே மைனஸ் எத்தனை டிகிரி இருக்கும், அரிசி பருப்பு கிடைக்குமா, மாதம் எவ்வளவு மிச்சம் பிடிக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். அரிசி கிடைக்கும். மிச்சம் உங்கள் கையில் இருக்கிறது. குளிரைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

78 டிகிரி வட அட்சரேகையில் இருந்தாலும், அட்லாண்டிக்கிலிருந்து மேற்குக் கரையோரமாக ஏறிவரும் வெப்ப நீரோட்டத்தால், இதே அட்சரேகையிலுள்ள மற்ற நிலங்களைவிட இங்கே குளிர் குறைவு. ஆகவே டிகிரியைவிடக் காற்றுக்கு அஞ்சுங்கள். மைனஸ் 20 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால், மூடாத தோலுக்கு அது மைனஸ் 33 டிகிரியாக உறைக்கும். காசிமேட்டுக் கடற்காற்றில் வளர்ந்த எனக்கே முதல் குளிர்காலத்தில் காது மடல்கள் மரத்துப்போய், அறைக்குள் வந்தபின் தீப்பட்டதுபோல் எரிந்தன.

அடுத்த பகை வியர்வை. தடித்த கோட்டு ஒன்று இருந்தால் போதும் என்று பாரிமுனைக் கடைக்காரர் ஒருவர் அன்று என்னிடம் அடித்துச் சொன்னார். அந்தப் பேச்சை இன்றும் என்னால் மன்னிக்க முடியவில்லை. கோட்டுக்குள் பருத்திப் பனியன் போட்டு வேகமாக நடந்தால், அது வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். நடையை நிறுத்தியதும் அந்த ஈரமே உடம்புச் சூட்டை இழுத்துவிடும். உடம்போடு ஒட்டிய மெல்லிய கம்பளிப் பனியன், அதன்மேல் தடித்த கம்பளி, எல்லாவற்றுக்கும் மேல் காற்றை மறிக்கும் உடை என்று அடுக்கிப் போடுங்கள். இப்போதெல்லாம் நடுக்குளிர்காலத்திலும் மழை பெய்து தெருக்கள் உறைந்துவிடுகின்றன என்பதால், பூட்ஸுக்கு அடியில் மாட்டும் முள்பட்டையும் அவசியம்.

அக்டோபர் 26 முதல் பிப்ரவரி நடுப்பகுதிவரை சூரியன் அடிவானத்துக்கு மேல் எழாது. அதன்பின்னும் மலைகள் மறைப்பதால், மார்ச் 8 அன்றுதான் பழைய மருத்துவமனைப் படிக்கட்டில் வெயில் விழும். ஊர் முழுவதும் அங்கே கூடி நிற்கும். நம்மவர்களில் சிலர் துருவ ஒளிப் படங்களை மட்டும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, விடுமுறை நாள் முழுவதும் படுத்தே கிடந்து மனம் சோர்ந்துபோகிறார்கள். நான் நெற்றி விளக்கை மாட்டிக்கொண்டு அந்த இருட்டிலும் நாள்தோறும் நடந்து பழகியவன், ஊர் எல்லைக்குள் மட்டும்; எல்லைக்கு வெளியே பனிக்கரடி உண்டு, துப்பாக்கி இல்லாமல் போகக் கூடாது.

தங்கப்போகும் அறை மலைச்சரிவை ஒட்டியதா என்றும் கேளுங்கள். 2015 டிசம்பர் 19 அன்று சுக்கர்டோப்பன் மலையிலிருந்து இறங்கிய பனிச்சரிவு வீடுகளையே பெயர்த்து நகர்த்தி இரண்டு உயிர்களைக் கொண்டுபோனது. பெரும்பாலும் அறையை முதலாளியே தருவதால், வேலை போனால் அறையும் போகும். அந்தக் குளிரில் தெருவில் நிற்க இயலாது.

விசா வேண்டாம் என்று ஏஜெண்ட் சொல்வது ஸ்வால்பார்டுக்கு மட்டும் பொருந்தும். விமானம் நார்வே பெருநிலம் வழியாகத்தான் வரும். வரும்போது ஒன்று, திரும்பும்போது ஒன்று என இரண்டு முறை அங்கே நுழைய அனுமதிக்கும் ஷெங்கன் விசா (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசா) கைக்கு வரும்வரை அவரிடம் பணம் கட்டாதீர்கள்.