ஆய்வேடு சமர்ப்பித்தாயிற்று, வார்டில் என்ன மாறும்?

கேள்வி: செவிலியத் துறையில் ஐந்து முனைவர் பட்ட ஆய்வாளர்களுக்கு நெறியாளராக இருக்கிறேன். எல்லாரும் மருத்துவமனைப் பணியில் இருந்துகொண்டே படிப்பவர்கள். ஆய்வேடுகள் நன்றாக வருகின்றன, கட்டுரைகளும் வெளியாகின்றன, ஆனால் வார்டில் எதுவும் மாறுவதில்லை. ஷிப்ட் மாறும்போது நோயாளி பற்றிய தகவல் எப்படி விடுபடுகிறது என்று ஆராய்ந்த ஒருவர் போன மாதம்தான் சமர்ப்பித்தார். இவர்களுக்கு நான் எப்படி உதவலாம்?

பதில்: இந்தக் கேள்வி பெரும்பாலும் கடைசி வருடத்தில்தான் எழுகிறது. அதற்குள் வினாத்தாள், மாதிரி, தரவு எல்லாம் முடிவாகியிருக்கும். மற்ற நால்வரில் யாராவது இன்னும் தரவு சேகரிக்கத் தொடங்கவில்லை என்றால் அவரிடமிருந்து ஆரம்பியுங்கள். "உங்கள் ஊகம் சரியென்றே வைத்துக்கொள்வோம். நாளையிலிருந்து யார், எந்த வேலையை வேறு மாதிரி செய்ய வேண்டும்?" என்று கேளுங்கள். "கொள்கை வகுப்பாளர்கள்" என்று பதில் வந்தால் ஏற்காதீர்கள். "இரவு ஷிப்டை முடிக்கும் செவிலியர், ஒப்படைப்புத் தாளின் முதல் வரியில் மருந்து ஒவ்வாமையை எழுத வேண்டும்" என்கிற அளவுக்கு இறங்கி வர வேண்டும். சிலருக்கு இந்த ஒரு வாக்கியம் கைகூட இரண்டு மாதம் ஆகும். ஆகட்டும்.

சரி, அந்தத் தாளில் ஒரு வரியைச் சேர்க்க யாருக்கு அதிகாரம்? இதைக் கண்டுபிடிப்பதும் ஆய்வாளரின் வேலைதான். பல இடங்களில் அது தலைமை அதிகாரியாக இருக்காது. படிவங்களைப் பார்த்துக்கொள்ளும் குழுவில் ஒருவராகவோ கணினித் திரையை வடிவமைப்பவராகவோ இருக்கலாம். அவரையும், தினமும் அந்தத் தாளை நிரப்பும் இரண்டு பேரையும் வினாத்தாள் இறுதியாகும் முன்பே உட்கார வைத்துப் பேசச் சொல்லுங்கள். தகவல் தருபவர்களாக மட்டும் நடத்தினால், முடிவு வந்த பிறகு அதில் அவர்களுக்கு ஒட்டுறவு இருக்காது.

இதை நான் வலியுறுத்த ஒரு காரணம் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் அறுவை சிகிச்சைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலில் இருப்பவை 19 அம்சங்கள்தான். எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் அதைச் சோதித்து 2009-இல் வெளியான ஆய்வில், இறப்பு விகிதம் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்திருந்தது. 2014-இல் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 101 மருத்துவமனைகளை வைத்து இன்னோர் ஆய்வு வந்தது. அங்கே குறிப்பிடத்தக்க குறைவு எதுவும் தெரியவில்லை. இத்தனைக்கும், பட்டியலைத் தவறாமல் பயன்படுத்துவதாகத்தான் மருத்துவமனைகள் கணக்குக் காட்டின. ஒன்டாரியோ ஆய்வில் பட்டியலுக்கு முன் மூன்று மாதம், பின் மூன்று மாதம் என்று பார்த்தது போதாது என்று வாதிடுபவர்களும் உண்டு. ஆனால் முதல் ஆய்வில் ஒவ்வொரு இடத்திலும் பொறுப்பானவர்கள் இருந்தார்கள், குழுக்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். ஒன்டாரியோவில் முன்னால் நின்றது மேலிருந்து வந்த உத்தரவு. வித்தியாசத்தின் பெரும்பங்கு இங்கேதான் இருக்கிறது என்பது என் கணிப்பு. தாள் ஒன்றேதான், அதைக் கையில் எடுத்தவர்களின் மனநிலை வேறு.

உங்கள் ஆய்வாளர்கள் பணியில் இருப்பவர்கள் என்பது பலம், கூடவே ஒரு சிக்கலும். சொந்த வார்டையே ஆராய்ந்தால் பதில் சொல்பவர் மேலதிகாரியாகவோ, தனக்குக் கீழ் வேலை செய்பவராகவோ இருப்பார். பெயரை மறைத்தாலும் யார் சொன்னது என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். முடிந்தால் பக்கத்து வார்டுக்கு அனுப்புங்கள்.

எவ்வளவு மாற்றம் கேட்கலாம் என்பதிலும் நிதானம் தேவை. ஒரே மருத்துவமனையில் நாற்பது பேரிடம் எடுத்த பேட்டியை வைத்து எல்லா இடத்திலும் நடைமுறையை மாற்றச் சொல்லக் கூடாது. ஒரு வார்டில் ஒரு மாதம் முயன்று பார்க்கலாம் என்பதற்குமேல் போக வேண்டாம். மாற்றிய படிவத்தை ஆய்வேட்டின் பின்னிணைப்பாகச் சேர்த்தால் வாய்மொழித் தேர்வில் அதைப் பற்றியும் பேசலாம். யாரைச் சந்தித்தார்கள், எந்தத் தேதியில் எது மாறியது என்று ஒரு நோட்டில் குறித்துவைக்கச் சொல்லுங்கள். பிரிட்டனின் பல்கலைக்கழக ஆய்வு மதிப்பீட்டில் ஆய்வு வெளியே ஏற்படுத்தும் இப்படிப்பட்ட தாக்கத்துக்கு 2014-இல் 20 சதவீதமும் 2021-இல் 25 சதவீதமும் எடை இருந்தது. ஆதாரம் இல்லாத தாக்கத்துக்கு அங்கே மதிப்பெண் கிடையாது.

இதெல்லாம் மாதத்துக்கு அரை நாளைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆய்வேடு நின்றுபோனால் மற்றதும் நின்றுபோகும். தொடர்புகளை உங்கள் பெயரிலும் வைத்திருங்கள். பட்டம் வாங்கியவர் வேறு வேலைக்குப் போனதும் அறுந்துபோகும் முதல் இழை அதுதான்.

இனி, போன மாதம் சமர்ப்பித்தவர். அவர் ஆய்வேட்டை யாருக்கும் மின்னஞ்சலில் அனுப்ப வேண்டாம், யாரும் படிக்கப் போவதில்லை. பேட்டி கொடுத்தவர்களில் மூன்று பேரை ஷிப்ட் முடிந்ததும் அரை மணி நேரம் சந்திக்கட்டும். முடிவுகளை ஒரே பக்கத்தில் எழுதி எடுத்துப் போய், "இதில் எது உங்களுக்கு உதவாது?" என்று கேட்கட்டும். அவர்கள் அடித்துவிட்டது போக என்ன மிஞ்சுகிறதோ, அதை வைத்துக்கொண்டு படிவக் குழுவிடம் போகலாம்.