வேளாண் விரிவாக்கப் பணியாளர்கள் கேட்டவை: ஒரே ஒரு பட்டையின் விளைச்சலை நம்பலாமா?

கேள்வி: செயல்விளக்கத் திடலில் புதிய உர முறையைக் கையாண்ட பட்டை (வயலில் நீளவாக்கில் பிரித்த பகுதி) ஹெக்டேருக்கு 5,200 கிலோ தந்தது. பக்கத்தில் வழக்கமான முறையில் பயிரிட்ட பட்டை 4,800 கிலோ. 400 கிலோ கூடுதல் என்று பல்கலைக்கழகத்தின் பெயரில் துண்டறிக்கை போடலாமா?

பதில்: வேண்டாம். ஒரு பட்டைக்கு எதிராக ஒரு பட்டை என்று வைத்தால், அந்த 400 கிலோ உரத்தால் வந்ததா, வயலால் வந்ததா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. எந்த வயலும் ஒரே சீராக இருப்பதில்லை. வாய்க்கால் தலைப்பில் ஒரு வளம், கடைமடையில் ஒரு வளம். பழைய எருக்குழி இருந்த இடம் பத்து வருடம் கழித்தும் பயிரில் தெரியும்.

அடுத்த பருவத்தில் குறைந்தது 4 ஜோடிப் பட்டைகள் போடுங்கள். ஒவ்வொரு ஜோடியிலும் புதிய முறை இடப்பக்கமா வலப்பக்கமா என்பதை நாணயம் சுண்டி முடிவு செய்யுங்கள். ‘இந்தப் பக்கம் நன்றாக இருக்கிறதே’ என்று கண்ணால் தேர்ந்தெடுத்தால் அங்கேயே முடிவு சாய்ந்துவிடும். பட்டை வயலின் முழு நீளத்துக்கும் ஓட வேண்டும். அகலம் அறுவடை இயந்திரத்தின் அகலத்தைவிடக் கூடுதலாக இருக்கட்டும். ஓர வரிசைகளுக்குப் பக்கத்துப் பட்டையின் உரமும் வெளிச்சமும் கிடைப்பதால் அவற்றைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ரகம், விதைப்பு நாள், பாசனம் எல்லாம் ஒன்றாக இருந்து, மாறுவது ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும்.

பிறகு ஜோடி ஜோடியாக வித்தியாசத்தைப் பாருங்கள். நான்கு ஜோடிகளில் வித்தியாசம் 400, –150, 520, 90 கிலோ என்றால் சராசரி 215. இன்னொரு வயலில் 230, 190, 260, 180 என்றால் அங்கும் சராசரி 215தான். ஆனால் முதல் வயலில் ஜோடிக்கு ஜோடி ஏற்ற இறக்கம் அதிகம். அந்த ஏற்ற இறக்கத்திலிருந்து கணக்கிடும் அளவுக்குத் திட்டப் பிழை என்று பெயர். முதல் வயலில் சராசரியை அதன் திட்டப் பிழையால் வகுத்தால் சுமார் 1.4 வரும், இரண்டாவதில் 11.6. நான்கு ஜோடிகளுக்கு இந்த எண் 3.18ஐத் தாண்டினால்தான் 5 சதவீத அளவில் (உண்மையில் வித்தியாசமே இல்லாதபோது இப்படித் தற்செயலாக வரும் வாய்ப்பு 5 சதவீதத்துக்கும் குறைவு) வித்தியாசம் உண்மை என்று எடுத்துக்கொள்வது வழக்கம். இரண்டாம் வயலைப் பற்றித் தைரியமாக எழுதலாம். முதல் வயலைப் பற்றி எழுத வேண்டியது, ‘இன்னும் பார்க்க வேண்டியிருக்கிறது’ என்பது மட்டுமே.

ஈரப்பதம் இன்னொரு பொறி. தழைச்சத்து கூடிய பட்டை தாமதமாக முற்றும். இரண்டையும் ஒரே நாளில் அறுத்தால் ஒன்றில் தானியம் ஈரமாக இருக்கும். 20 சதவீத ஈரத்தில் 1,000 கிலோ எடை காட்டும் தானியம், 14 சதவீத ஈரத்துக்குக் கொண்டுவந்தால் 930 கிலோதான் (1,000 × 80 ÷ 86). 7 சதவீதம் வெறும் தண்ணீர். உங்கள் 400 கிலோவே 8 சதவீத வித்தியாசம்தான் என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

முழுப் பட்டையையும் எடை போட வழியில்லாமல் 5 மீட்டருக்கு 5 மீட்டர் அறுத்துக் கணக்கிடுகிறீர்கள் என்றால், கிடைத்த கிலோவை 400ஆல் பெருக்கினால் ஹெக்டேர் விளைச்சல். தராசில் 100 கிராம் பிசகினால் அது ஹெக்டேருக்கு 40 கிலோவாகப் பெருகும். அறுக்கும் இடத்தை வயலில் இறங்கும் முன்பே காகிதத்தில் குலுக்கிப் போட்டு முடிவு செய்யுங்கள். வயலில் நின்று தேடினால் கால் நல்ல பயிரை நோக்கித்தான் போகும்.

கேள்வி: ஒரே வயலின் மண்ணை இரண்டு ஆய்வகங்களுக்கு அனுப்பினோம். மணிச்சத்து அளவு ஒன்றுக்கொன்று இரண்டு மடங்குக்கு மேல் வேறுபடுகிறது. விவசாயி எங்களைச் சந்தேகிக்கிறார். எந்த அறிக்கை சரி?

பதில்: இரண்டும் சரியாக இருக்கலாம். முதலில் அலகைப் பாருங்கள். ஒரு ஆய்வகம் பாஸ்பரஸ் தனிமமாகவும், இன்னொன்று பாஸ்பரஸ் பென்டாக்சைடாகவும் எழுதியிருக்கும். தனிம அளவை 2.29ஆல் பெருக்கினால் பென்டாக்சைடு. ‘இரண்டு மடங்குக்கு மேல்’ என்று கேட்டவுடன் இந்தச் சந்தேகம்தான் முதலில் வர வேண்டும். சாம்பல்சத்தில் பொட்டாசியத்தைப் பொட்டாசியம் ஆக்சைடாக மாற்றும் எண் 1.2. அடுத்து, ஒன்று பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) அளவிலும் மற்றது ஹெக்டேருக்குக் கிலோவிலும் இருக்கலாம். மேல்மண் 15 சென்டிமீட்டருக்கு பிபிஎம் அளவை 2.24ஆல் பெருக்குவது வழக்கம்.

அலகு ஒன்றாக இருந்தும் எண் வேறுபட்டால் ஆய்வு முறையைக் கேளுங்கள். ஓல்சன் முறை நடுநிலை, கார மண்ணுக்கு. பிரே முறை அமில மண்ணுக்கு. இரண்டும் வேறு வேறு கரைசலால் சத்தைப் பிரித்தெடுப்பதால் எண்களை நேருக்கு நேர் ஒப்பிட முடியாது. எந்த முறையில் ஆய்வு நடந்ததோ, அந்த முறைக்கென வகுத்த பரிந்துரை அட்டவணையைத்தான் பயன்படுத்த வேண்டும். ஒரு முறையின் எண்ணை இன்னொரு முறையின் அட்டவணையில் தேடுவதுதான் அலுவலகங்களில் நடக்கும் பெரும்பிழை.

மாதிரி எடுத்த விதத்தையும் விசாரியுங்கள். 15 முதல் 20 இடங்களில் வளைந்து வளைந்து நடந்து, 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ‘வி’ வடிவில் குழி வெட்டி, பக்கவாட்டில் மேலிருந்து கீழ்வரை 2 சென்டிமீட்டர் கனத்தில் சீவிய மண்ணைச் சேர்த்திருக்க வேண்டும். வரப்போரம், மரத்தடி, எருக் குவியலின் அருகே எடுத்த ஒரு கை மண் மொத்தத்தையும் கெடுக்கும். துத்தநாக ஆய்வு இருந்தால் துத்தநாகப் பூச்சுள்ள வாளியைத் தொடவே கூடாது. காலி உரப்பையில் மண்ணைக் கட்டி அனுப்புவதை இன்னும் பார்க்க முடிகிறது. அது மண்ணை அல்ல, உரத்தை ஆய்வுக்கு அனுப்புவது போல.

கேள்வி: ஒரே மருந்து, ‘டேங்குக்கு 50 மில்லி’ என்ற ஒரே பரிந்துரை. ஒருவருக்குப் பூச்சி கட்டுப்பட்டது, இன்னொருவருக்கு இல்லை. ஏன்?

பதில்: ‘டேங்குக்கு இவ்வளவு’ என்று சொன்னதுதான் கோளாறு. அந்த டேங்க் எவ்வளவு பரப்புக்குப் போகிறது என்பது நடையின் வேகத்தையும் நாசிலையும் (தெளிப்பு முனை) பொறுத்தது. தெளிப்பவரையே வைத்து அளந்து பார்க்க வேண்டும். 10 மீட்டருக்கு 10 மீட்டர் இடத்தைக் குறியுங்கள். டேங்கில் ஒரு குறி வரை வெறும் தண்ணீர் நிரப்பி, அவர் வழக்கமாக நடக்கும் வேகத்தில் தெளிக்கச் சொல்லுங்கள். மறுபடி அதே குறி வரை நிரப்ப எத்தனை லிட்டர் பிடித்ததோ, அதை 100ஆல் பெருக்கினால் ஹெக்டேருக்கான நீர் அளவு.

3.2 லிட்டர் பிடித்தால் ஹெக்டேருக்கு 320 லிட்டர். 16 லிட்டர் டேங்க் 500 சதுர மீட்டருக்கு வரும். லேபிளில் ஹெக்டேருக்கு 1 லிட்டர் மருந்து என்றால் டேங்குக்கு 50 மில்லி சரி. வேகமாக நடக்கும் இன்னொருவருக்கு 2 லிட்டர்தான் பிடிக்கிறது என்றால் அதே டேங்க் 800 சதுர மீட்டருக்குப் போகும். அதே 50 மில்லியை ஊற்றினால் ஹெக்டேருக்கு 625 மில்லி மருந்துதான் விழும். அவருக்கு வேண்டியது டேங்குக்கு 80 மில்லி. அதோடு, ஹெக்டேருக்கு 200 லிட்டர் தண்ணீர் போதுமா என்பதையும் லேபிளில் பாருங்கள்.

நாசிலை ஒரு நிமிடம் அளவு ஜாடியில் பிடித்துப் பாருங்கள். அதே அழுத்தத்தில் புதிய நாசிலைவிட 10 சதவீதத்துக்கு மேல் கூடுதலாகக் கொட்டினால் மாற்றிவிடுங்கள். அடைப்பை ஊசியாலோ கம்பியாலோ குத்தினால் துளை பெரிதாகும். பழைய பல் துலக்கும் பிரஷ் போதும்.

கேள்வி: நோய் ஆய்வகத்துக்கு அனுப்பும் செடிகள் போய்ச் சேர்வதற்குள் அழுகிவிடுகின்றன.

பதில்: முழுதாகச் செத்த செடியை அனுப்பாதீர்கள், அதில் செத்த திசுவில் வாழும் சாறுண்ணிப் பூஞ்சைகள்தான் வளரும். நலமான திசுவும் நோயுற்ற திசுவும் சந்திக்கும் இடம் வேண்டும். ஒப்பிட ஒரு நல்ல செடியும் சேருங்கள். வேரோடு தோண்டி, வேரையும் மண்ணையும் மட்டும் பிளாஸ்டிக் பையில் கட்டுங்கள்; இலைகளைக் காகிதத்தில் சுற்றுங்கள். தண்ணீர் தெளிக்க வேண்டாம். வாரக் கடைசியில் அனுப்பினால் விடுமுறையில் பார்சல் கிடந்து அழுகும். உடல் மென்மையான பூச்சிகளை 70 சதவீத ஆல்கஹாலில் போடுங்கள். கூடவே போடும் விவரச் சீட்டைப் பென்சிலால் எழுதுங்கள், பேனா மை ஆல்கஹாலில் கரையும். அந்துப்பூச்சியை மட்டும் உலர்வாக அனுப்ப வேண்டும்.

கேள்வி: பயிற்சி முடிவில் எல்லோரும் ‘மிக நன்று’ என்று குறித்துவிடுகிறார்கள். நிதி தருபவர்களுக்கு எதைக் காட்டுவது?

பதில்: அந்தப் படிவத்தைக் காட்டாதீர்கள், அது பெரும்பாலும் மரியாதைக்கான மதிப்பெண். பயிற்சிக்கு முன்பு ஒரு முறை, பின்பு ஒரு முறை என்று சுயமதிப்பீடு கேட்டாலும் சிக்கல் உண்டு. தெரியாதது எவ்வளவு என்பதே முன்பு தெரியாததால் ஆரம்பத்தில் கூடுதலாகப் போட்டுக்கொள்வார்கள். கடைசியில் அறிவு குறைந்ததுபோல் எண் காட்டும். அதற்குப் பதில் முடிவில் ஒரே தாளில் ‘பயிற்சிக்கு முன் எவ்வளவு தெரியும், இப்போது எவ்வளவு தெரியும்’ என்று இரண்டையும் கேளுங்கள். இதிலும் உங்களைத் திருப்திப்படுத்தும் ஆசை கலக்கும் என்பதால், ஒரு பருவம் கழிந்ததும் செய்கையைப் பற்றிக் கேளுங்கள்: மண் ஆய்வு செய்தாரா, எத்தனை ஹெக்டேரில் உர அளவை மாற்றினார். ‘விதைநேர்த்தியும் வரிசை நடவும் செய்தீர்களா?’ என்று இரண்டை ஒரே கேள்வியில் கட்டாதீர்கள். ஒன்றை மட்டும் செய்தவர் என்ன பதில் சொல்வார்?

கேள்வி: பழைய துண்டறிக்கைகளை எப்போது எடுத்துப் போடுவது?

பதில்: பூச்சிமருந்துப் பெயர் உள்ளவற்றை ஒவ்வொரு பருவத்துக்கும் முன்பு பதிவு விவரத்தோடு சரிபார்க்க வேண்டும், பதிவு ரத்தான மருந்து ஒன்று இருந்தாலும் கட்டு முழுவதையும் எடுத்துவிடுங்கள். இனி அச்சிடும்போது முதல் பக்கத்திலேயே அச்சிட்ட மாதமும் மறுபரிசீலனை மாதமும் போடுங்கள். வணிகப் பெயருக்குப் பதில் செயல்மூலப் பொருளின் (மருந்தில் உண்மையில் வேலை செய்யும் வேதிப்பொருள்) பெயரையும் அதன் சதவீதத்தையும் எழுதுங்கள்.