டி.எஸ்.எச். 3.1, ஆனாலும் மலை ஏற முடியவில்லை

கேள்வி: எனக்கு 38 வயது. பொகவந்தலாவைப் பக்கம் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறேன். இளைய மகன் பிறந்த பிறகு உடம்பு சோர்ந்துபோனது. தைரொயிட் சுரப்பு குறைவு என்று சொல்லித் தைரொக்சின் என்ற ஹோர்மோன் மாத்திரை எழுதினார்கள். 50 மைக்ரோகிராம் மாத்திரையில் தினமும் ஒன்றரை, நான்கு வருடங்களாகக் குடிக்கிறேன். இப்போது தைரொயிட்டுக்கான இரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச். 3.1. கிளினிக்கில் “நோர்மல், போய் வாருங்கள்” என்கிறார்கள். ஆனால் முடி கொட்டுகிறது, கை கால் சில்லிடுகிறது, பத்து மணிக்கு மேல் மலை ஏற முடியவில்லை. ஹட்டனில் ஓர் அக்கா முடிக்கும் தைரொயிட்டுக்கும் நல்லது என்று மாத்திரைப் போத்தலும் பவுடரும் தந்தார். மூன்று மாதமாக எடுக்கிறேன். ஆய்வுகூடத்திலோ பெரிய ‘பெக்கேஜ்’ ஒன்று செய்யச் சொல்கிறார்கள். தைரொக்சினை இரண்டு மாத்திரையாக்கிக்கொள்ளட்டுமா?

பதில்: வேண்டாம், சகோதரி. ஒன்றரையிலேயே இருங்கள். தேவைக்கு மேல் தைரொக்சின் குடித்தால் முதல் சில நாட்கள் சுறுசுறுப்பு வந்ததுபோல் தோன்றும். பிறகு நெஞ்சு படபடக்கும், தூக்கம் கெடும், வருடக்கணக்கில் போனால் எலும்பு தேயும். கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிச் சரிவில் இறங்குகிறவருக்கு எலும்பு தேய்வது சின்ன விஷயம் அல்ல.

உங்கள் சோர்வு கற்பனையும் அல்ல. தைரொக்சின் குடித்து, அளவு சரியாக வந்த பிறகும் நூற்றில் ஐந்து முதல் பத்துப் பேருக்கு இப்படித் தொல்லை தொடர்வதாக மருத்துவ உலகமே ஒப்புக்கொள்கிறது. கிளினிக்கில் அதைச் சொல்ல அவகாசம் இல்லை. ஒரு காலையில் இருநூறு கொப்பிகள் மேசையில் அடுக்கியிருந்தால் வைத்தியர் எண்ணைத்தான் பார்ப்பார், முகத்தைப் பார்க்க மாட்டார். அந்த எண்ணும் பல நேரங்களில் “இங்கே இரசாயனம் முடிந்துவிட்டது, வெளியே செய்து வாருங்கள்” என்று அனுப்பி, உங்கள் காசில் எடுத்த எண். அதற்காக ஒரு நாள் பேரையும், அதாவது அன்றைய கூலியையும், இழந்திருப்பீர்கள்.

முதலில் அந்தப் போத்தலை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். பயோட்டின் அல்லது வைட்டமின் பி7 என்று எழுதியிருக்கிறதா? முடிக்கு என்று விற்கும் மாத்திரைகளில் பெரும்பாலும் அதுதான் இருக்கும். பயோட்டின் உடம்புக்குப் பெரிய கெடுதி செய்யாது. ஆனால் பல ஆய்வுகூட இயந்திரங்கள் பயோட்டினை வைத்தே இரத்தத்தை அளக்கின்றன. இரத்தத்தில் அது மிகுந்திருந்தால், தைரொயிட் சுணங்கும்போது கூடும் டி.எஸ்.எச். உண்மையைவிடக் குறைவாகவும், தைரொயிட் ஹோர்மோனான டி4 உண்மையைவிடக் கூடுதலாகவும் விழலாம். உங்களுடைய உண்மையான டி.எஸ்.எச். 7 ஆக இருந்து, போத்தலின் தயவால் தாளில் 3.1 என்று வந்திருக்கவும் கூடும். அந்தப் போத்தல் மாத்திரையை நிறுத்தி மூன்று நாட்களுக்குப் பிறகு மீண்டும் ஒருமுறை இரத்தம் கொடுங்கள்.

பவுடரைப் பற்றி எனக்குப் பொறுமை இல்லை. ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை என்று எந்த நகரத்துக்குப் போனாலும் ‘தைரொயிட்டைக் கரைக்கும்’ பவுடர் விற்கும் அக்காவோ அண்ணனோ ஒருவர் இருக்கிறார். கழுத்துக் கட்டியைப் பவுடர் கரைக்காது. இவற்றில் சிலவற்றில் கடற்பாசி இருக்கும், அதாவது அயடின். இலங்கையில் 1995 முதல் உப்பில் அயடின் சேர்ப்பது சட்டம். கடையில் வாங்கும் உப்பே உங்களுக்குப் போதும். அதற்கு மேல் அயடினைக் கொட்டினால் ஏற்கெனவே நொந்திருக்கும் சுரப்பி இன்னும் முடங்கலாம். இப்படி ‘இயற்கை’ என்று விற்கப்பட்ட சில மாத்திரைகளுக்குள் தைரொயிட் ஹோர்மோனே கலந்திருந்ததை அமெரிக்காவில் சோதித்துக் கண்டுபிடித்திருக்கிறார்கள். குடித்தவுடன் தெம்பு வந்தது என்று சாட்சி சொல்கிறவர்களுக்கு அந்தத் தெம்பு எங்கிருந்து வந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். விற்ற அக்காவைத் திட்டாதீர்கள். அவரையும் யாரோ பணம் கட்டவைத்துத்தான் இதில் சேர்த்திருப்பார்கள். ஆனால் அடுத்த போத்தலை வாங்காதீர்கள்.

‘பெக்கேஜ்’ கதையும் இதே ரகம்தான். ரிவர்ஸ் டி3, ஆறு மாதத்துக்கு ஒருமுறை தைரொயிட் எதிர்ப்புப் புரதம், வைட்டமின் வரிசை முழுவதும் என்று நீளும். எதிர்ப்புப் புரதத்தை வாழ்நாளில் ஒருமுறை பார்த்தால் போதும். அது கூடினாலும் குறைந்தாலும் உங்கள் மாத்திரை மாறப்போவதில்லை. இரத்தம் எடுக்க அனுப்பியவருக்கு ஆய்வுகூடம் பங்கு கொடுக்கும் ஊர்களில் பட்டியல் ஏன் நீள்கிறது என்று நான் விளக்க வேண்டியதில்லை.

அந்தப் பணத்தில் இரண்டு பரிசோதனைகள் செய்யுங்கள்: முழு இரத்தக் கணக்கு, உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின். உங்கள் கடிதத்தில் இருக்கும் முடி கொட்டுதல், சில்லிடுதல், மலை ஏற முடியாமை என்ற மூன்றும் இரும்புச்சத்துக் குறைவின் அடையாளங்களாகவும் இருக்கலாம். பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12க்குக் கீழே போனால் இரத்தச்சோகை. ஆனால் ஹீமோகுளோபின் 12.2 என்று நன்றாகத் தெரிகிறவரிடமும் ஃபெரிட்டின் 30க்குக் கீழே இருந்தால் உடம்பின் இரும்புச் சேமிப்பு காலி. நம் சாப்பாட்டு முறை அதற்குத் துணைபோகிறது: காலையில் கோதுமை மா ரொட்டியும் பிளேன்டீயும், மலையில் பத்து மணிக்கு மறுபடி பிளேன்டீ. உலகத்துக்கே தேயிலை பறித்துக் கொடுக்கும் கைகளிடம் தேநீரைக் குறையுங்கள் என்று சொல்ல எனக்கும் சங்கடம்தான். குறைக்க வேண்டாம், சாப்பாட்டோடு சேர்க்காமல் ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள், போதும். மாதவிடாயில் இரத்தம் அதிகம் போகிறதா, வயிற்றுப் பூச்சிக்கான மருந்து கடைசியாக எப்போது குடித்தீர்கள் என்பதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள். இரும்பு மாத்திரை தந்தால் அதை இரவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். தைரொக்சினுக்கும் இரும்புக்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும்.

தைரொக்சினை வெறும் வயிற்றில் வெறும் தண்ணீரோடு குடித்து, அரை மணி நேரமாவது கழித்துத்தான் தேநீர். கிளினிக்கில் கடதாசி உறையில் எண்ணிப் போட்டுத் தரும் மாத்திரையை அடுப்புக்கு மேல் தட்டிலோ ஈரச் சுவரோரமோ வைக்காதீர்கள். சூடும் ஈரமும் வெளிச்சமும் அதன் வலுவைக் குறைக்கும். மூடி இறுகும் சிறிய கறுப்பு டப்பா ஒன்று போதும்.

இனி, கடிதத்தில் நீங்கள் போகிறபோக்கில் எழுதிவிட்ட ஒரு வரி: “இளைய மகன் பிறந்த பிறகு.” இதன் பின்னால் இருக்கக்கூடிய ஒரு நோயை அரிதானது என்று பாடப்புத்தகம் ஒதுக்கிவிடும். நான் ஒதுக்க மாட்டேன். அந்தப் பிரசவத்தில் இரத்தம் அதிகமாகப் போனதா? இரத்தம் ஏற்றினார்களா? பிள்ளைக்குப் பால் சுரந்ததா? மாதவிடாய் திரும்ப வந்ததா? அக்குளிலும் மறைவிடத்திலும் முடி உதிர்ந்ததா?

ஏன் கேட்கிறேன் என்றால், டி.எஸ்.எச். தைரொயிட் சுரப்பியிலிருந்து வருவது அல்ல. மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி என்ற சிறிய சுரப்பி, தைரொயிட்டை வேலை வாங்குவதற்காக அனுப்பும் கட்டளை அது. கங்காணியின் சத்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மலையில் வேலை சுணங்கினால் சத்தம் கூடும். ஒழுங்காக நடந்தால் குறையும். கங்காணிக்கே தொண்டை கட்டிவிட்டால் வேலை நின்றாலும் சத்தம் கூடாது. கீழே பங்களாவில் இருக்கிறவருக்கு எல்லாம் சரியாக நடப்பதுபோலவே கேட்கும். கர்ப்ப காலத்தில் பிட்யூட்டரி வீங்கிப் பெரிதாகும். அந்த நேரத்தில் கடுமையாக இரத்தம் போய் அழுத்தம் விழுந்தால் அதற்கு இரத்தம் கிடைக்காமல் ஒரு பகுதி செத்துப்போகலாம். ஷீஹன் நோய் என்பார்கள். சத்தமில்லாமல் இருந்து, வருடங்கள் கழித்துச் சோர்வாகத் தலைகாட்டும். அப்படிப்பட்டவருக்கு டி.எஸ்.எச்.சைப் பார்த்து மருந்து அளப்பதில் பயனே இல்லை. ஃப்ரீ டி4, அதாவது இரத்தத்தில் கட்டுப்படாமல் உலவும் டி4 ஹோர்மோனைப் பார்க்க வேண்டும். அது தாழ்ந்திருந்து டி.எஸ்.எச். ‘சரியாக’ இருந்தால் காலை எட்டு மணிக்கு எடுத்த இரத்தத்தில், உடம்பு நெருக்கடியைத் தாங்க உதவும் கோர்ட்டிசோல் என்ற ஹோர்மோனையும் பார்க்க வேண்டும்.

இதை இவ்வளவு நீட்டுவதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. பிட்யூட்டரி பழுதானவருக்குக் கோர்ட்டிசோலும் குறைந்திருக்கலாம். அதைச் சரிசெய்யாமல் தைரொக்சினை மட்டும் கூட்டினால் மிச்சமிருக்கும் கோர்ட்டிசோலும் வேகமாகச் செலவாகி, வாந்தி, மயக்கம், அழுத்தம் விழுதல் என்று உயிருக்கே ஆபத்தாக முடியும். நீங்களே இரண்டு மாத்திரையாக்கிக்கொள்ள வேண்டாம் என்று முதல் வரியில் நான் அவசரப்பட்டதற்கு இதுதான் முதல் காரணம். எழும்பி நின்றால் கண் இருட்டி விழுகிறீர்கள், அல்லது காய்ச்சலோடு வாந்தி நிற்கவில்லை என்றால் கிளினிக் நாள் வரை காத்திராமல் டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்கோ, அருகில் எது திறந்திருக்கிறதோ அதற்கோ போய் அந்தப் பிரசவக் கதையைச் சொல்லுங்கள்.

பால் நன்றாகச் சுரந்தது, மாதவிடாயும் ஒழுங்காக வருகிறது என்றால் பெரும்பாலும் இந்தப் பயம் உங்களுக்கில்லை. அப்போது இரும்பு, சர்க்கரை, பி12, தூக்கம், மனச்சோர்வு என்ற வரிசையில் தேடுவது போதும். தைரொயிட்டின் இன்னொரு ஹோர்மோனான டி3 சேர்த்த சிகிச்சை என்று ஒன்று இருக்கிறது. இவை எல்லாம் பார்த்து முடிந்த பிறகு ஹோர்மோன் நிபுணர் எடுக்க வேண்டிய முடிவு அது.

அடுத்த கிளினிக்கில் “சோர்வாக இருக்கிறது” என்று மட்டும் சொன்னால் கொப்பியை மூடிவிடுவார்கள். “இந்த முடி மாத்திரையைக் குடிக்கும்போது எடுத்த ரிப்போர்ட் இது, பிரசவத்தில் இவ்வளவு இரத்தம் போனது, ஃப்ரீ டி4 ஒருமுறை பார்ப்பீர்களா?” என்று கேளுங்கள். பிரசவ அட்டை இருந்தால் அதையும் கொண்டுபோங்கள். கிளினிக்குக்கு ஒரு வாரம் இருக்கும்போது மட்டும் ஒழுங்காக மாத்திரை குடித்துக் கணக்கைச் சரிக்கட்டும் பழக்கம் இருந்தால் அதையும் மறைக்காதீர்கள், யாரும் அடிக்கப்போவதில்லை. அளவு மாற்றினால் ஆறு முதல் எட்டு வாரங்களுக்குப் பிறகுதான் மறுபடி இரத்தம் பார்க்க வேண்டும். முந்திப் பார்ப்பது வீண் செலவு. இரத்தம் கொடுக்கும் அன்று காலை மாத்திரையைக் கையில் கொண்டுபோய், இரத்தம் எடுத்த பிறகு குடியுங்கள்.